மெதுவான இசை என்றால் சோக இசையா? மாலரின் அடாஜியெட்டோவை வைத்து ஒரு எளிய விளக்கம்

மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா இசையின் மெதுவான பகுதிகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரே ஆல்பமாகப் போடுவது பல வருடங்களாக நடக்கிறது. ஹெர்பர்ட் ஃபான் கராயன் நடத்திய பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து தொகுத்து 1995இல் 'அடாஜியோ' என்ற பெயரில் வந்த ஆல்பம் உலகம் முழுக்கப் பிரமாதமாக விற்றது. அதில் முதலாவதாக வருவது ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் ஐந்தாவது சிம்பொனியிலிருந்து எடுத்த அடாஜியெட்டோ. இன்று தூங்கக் கேட்கும் இசை, அழக் கேட்கும் இசை, தியானத்துக்கான இசை என்று எந்தத் தொகுப்பைத் திறந்தாலும் இது இருக்கும். கேட்டவர்களிடம் விசாரித்தால் பாதிப் பேர் "செத்த வீட்டு இசைதானே அது" என்பார்கள்.

அப்படிச் சொல்பவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் காதில் விழுந்த விதம் அப்படி. ஆனால் இந்த இசை உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்தால், வேகம் வேறு, உணர்ச்சி வேறு என்பது தெளிவாகப் புரியும். நோட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டாம், ஸ ரி க ம தெரிந்தால் போதும்.

முதலில் சில பெயர்கள்

சிம்பொனி என்பது முழு ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதப்படும் பெரிய இசைப்படைப்பு. அது சில தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் மூவ்மென்ட் என்று பெயர். வழக்கமாக நான்கு இருக்கும், மாலரின் ஐந்தாவதில் ஐந்து. அவற்றில் மெதுவாக நகரும் ஒன்றைத்தான் ஸ்லோ மூவ்மென்ட் என்கிறார்கள். அடாஜியோ என்பது மெதுவான வேகத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல், அடாஜியெட்டோ என்றால் சின்ன அடாஜியோ. வேகத்துக்குப் பொதுப்பெயர் டெம்போ, நம் ஆட்கள் காலப்பிரமாணம் என்பார்களே, அதுதான்.

மாலர் இந்தச் சிம்பொனியை 1901, 1902 ஆகிய இரண்டு கோடைகளில் ஆஸ்திரியாவில் மையர்னிக் என்ற ஏரிக்கரை ஊரில் எழுதினார். 1904 அக்டோபர் 18 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் அவரே நடத்தி அரங்கேற்றினார். ரொமான்டிக் இசைக் காலத்தின் கடைசிக் கட்டம் அது. ஆர்கெஸ்ட்ராக்கள் பெருத்துக்கொண்டே போன சமயம், இந்தச் சிம்பொனிக்கே ஆறு ஹார்ன், நான்கு டிரம்பெட் வேண்டும். ஆனால் நான்காவது மூவ்மென்டான அடாஜியெட்டோ வரும்போது அத்தனை பேரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வயலின் குடும்பத்துத் தந்தி வாத்தியங்களும், விரலால் மீட்டும் பெரிய தந்தி வாத்தியமான ஹார்ப் ஒன்றும் மட்டும் வாசிக்கும். டிரம் இல்லை, ஊதும் வாத்தியம் ஒன்றுகூட இல்லை.

ஸ வருவதற்கு முன்னால் நி

சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஒருவர் ப, த, நி என்று மேலே ஏறிப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகலி நிஷாதத்தில் வந்து நின்றுவிடுகிறார், மேல் ஸட்ஜமத்துக்குப் போகவில்லை. கீழே சுருதி ஸ என்று ஒலித்துக்கொண்டே இருக்கிறது, மேலே அவர் நி பிடித்திருக்கிறார், கேட்கிற நமக்கு உடம்பே ஒரு பக்கம் இழுக்கிறது, எப்போது ஸ தொடுவார் என்று காத்திருக்கிறோம். தொட்டதும் ஒரு நிம்மதி. இந்த இழுப்புக்கும் நிம்மதிக்கும் நடுவில் இருக்கிறதே ஒரு சின்ன நேரம், ஸ்லோ மூவ்மென்ட்கள் பெரும்பாலும் அதை வைத்துத்தான் கட்டப்படுகின்றன.

அடாஜியெட்டோவின் முதல் சில நொடிகளில் நடப்பது கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து இதேதான். இசையின் அடிப்படைச் சுருதி எஃப், அதை ஸ என்று கொள்வோம். ஆரம்பத்தில் க, ப இரண்டும்தான் கேட்கும். ஸ எங்குமே இல்லை, அதனால் நாம் எந்தச் சுருதியில் இருக்கிறோம் என்றே கொஞ்ச நேரம் தெரியாது. பிறகு முதல் வயலின்கள் ப, த, நி என்று மூன்று ஸ்வரம் ஏறுகின்றன. அந்த மூன்றையும் நன்றாக இழுத்து வாசிக்கச் சொல்லி மாலர் குறிப்பு எழுதியிருக்கிறார். நான்காவதாக ஸ வர வேண்டிய இடத்தில், கீழே மற்ற வாத்தியங்கள் ஸ-வைச் சேர்த்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுகின்றன, வயலின் மட்டும் திரும்பவும் நி-யிலேயே நிற்கிறது. அதற்கப்புறம்தான் ஸ-வைத் தொடுகிறது.

இப்படி, வந்து சேர வேண்டிய ஸ்வரத்துக்குப் பக்கத்து ஸ்வரத்தில் சாய்ந்து நின்று, பிறகு விட்டுக்கொடுப்பதற்கு அப்போஜியதூரா என்று பெயர். இந்தக் கட்டுரைக்கு அதைத் தங்கல் என்று வைத்துக்கொள்வோம். அடாஜியெட்டோ முழுக்கத் தங்கல்கள்தான். ஒரு தங்கல் தீர்ந்ததும் வேறொரு வாத்தியம் இன்னொரு தங்கலைத் தொடங்கிவிடும், முழு நிம்மதி என்பது கைக்கு எட்டாமல் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் சேர்ந்து உரத்த ஒலியில் மிக நீளமாக ஒரு தங்கலைப் பிடித்து, அதிலிருந்து படிப்படியாக இறங்கி, ஒலி மெல்ல அடங்க ஸ-வில் வந்து முடிக்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் சோகம் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. இருப்பது ஏக்கம். ஏக்கம் துக்கத்திலும் வரும், காதலிலும் வரும், பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரத்தில் வாசலைப் பார்க்கும்போதும் வரும். எது என்பதை இந்தத் தங்கல்கள் மட்டும் சொல்லிவிடாது. மெதுவான வேகம் செய்கிற காரியம் ஒன்றுதான், ஒவ்வொரு தங்கலையும் நாம் உணரும் அளவுக்கு அகலப்படுத்திக் காட்டுகிறது.

எவ்வளவு மெதுவாக?

இனிதான் ஒலிப்பதிவுகளின் கதை சுவாரசியமாகிறது.

அடாஜியெட்டோ மொத்தம் 103 பார். பார் என்றால் தாள வட்டம், இங்கே ஒரு பாருக்கு நான்கு பீட். அப்படியானால் மொத்தம் 412 பீட். மேலே மாலர் எழுதியிருப்பது 'மிக மெதுவாக' என்று, நிமிடத்துக்கு இத்தனை பீட் என்று சொல்லும் மெட்ரோனோம் எண் எதுவும் தரவில்லை. மிக மெதுவாக என்றால் எவ்வளவு என்பதை நடத்துபவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

டச்சுக்காரர் வில்லெம் மெங்கல்பெர்க் 1926இல் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் ஆர்கெஸ்ட்ராவை வைத்து இதைப் பதிவுசெய்தார். அது ஏறக்குறைய 7 நிமிடம். புருனோ வால்டர் 1938 ஜனவரியில் வியன்னாவில் பதிவுசெய்தது சுமார் 8 நிமிடம். லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1963இல் நியூயார்க்கில் எடுத்துக்கொண்டது 11 நிமிடம். கராயன் 1973இல் பெர்லினில் ஏறக்குறைய 12. பெர்னார்ட் ஹைட்டிங்க் 1988இல் அதே பெர்லின் பில்ஹார்மோனிக்கை வைத்து 14 நிமிடத்தைத் தொட்டுவிட்டார். அத்தனை பேர் கையிலும் இருந்தது அதே 412 பீட்தான். மெங்கல்பெர்க்கிடம் ஒரு பீட் சராசரியாக ஒரு நொடி, ஹைட்டிங்கிடம் இரண்டு நொடி!

பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு, நாலரை நிமிடம்தான் பிடிக்கும், அதனால் அவசரமாக ஓட்டியிருப்பார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டு பக்கம் என்றாலே 8, 9 நிமிடம் கிடைக்கும், மெங்கல்பெர்க் அதைக்கூட முழுசாகப் பயன்படுத்தவில்லை. வால்டர் 1947இல் நியூயார்க்கில் முழுச் சிம்பொனியையும் பதிவுசெய்தபோதும் அடாஜியெட்டோவை 8 நிமிடத்துக்குள்தான் முடித்தார். இந்த இரண்டு பேரையும் லேசாக ஒதுக்கிவிட முடியாது. வால்டர் ஹாம்பர்கிலும் வியன்னாவிலும் மாலருக்குக் கீழே வேலை பார்த்தவர், மெங்கல்பெர்க் மாலரின் நண்பர், மாலர் தன் சிம்பொனிகளை நடத்தியதை நேரில் பார்த்தவர். மாலர் 1905இல் பியானோ ரோல் என்ற துளையிட்ட காகிதச் சுருளில் தன் வாசிப்பைப் பதிவுசெய்திருக்கிறார், இதே ஐந்தாவது சிம்பொனியிலிருந்துதான். ஆனால் வாசித்தது முதல் மூவ்மென்ட்டை. அடாஜியெட்டோவை வாசிக்காமல் போய்விட்டாரே என்பது எனக்கு உண்மையிலேயே பெரிய ஆதங்கம்.

சுருக்கமாக, எழுதிய ஸ்வரங்கள் அப்படியே இருக்க, நீளம் மட்டும் ஏழிலிருந்து பதினான்குக்குப் போயிருக்கிறது. வேகம் பாதியானால் இசைக்கு என்ன ஆகிறது என்று அடுத்து பார்ப்போம்.

ஹார்ப்பைக் கவனியுங்கள்

இந்த வித்தியாசத்தைக் காதால் பிடிக்க நல்ல வழி, வயலினை விட்டுவிட்டு ஹார்ப்பைப் பின்தொடர்வது. வயலினில் வில் இழுபடும்வரை ஒலி நிற்கும். ஹார்ப் அப்படியில்லை, வீணையைப் போல மீட்டியவுடன் ஒலி தேய ஆரம்பித்துவிடும். 7 நிமிட வாசிப்பில் ஒரு ஸ்வரம் தேய்வதற்குள் அடுத்த ஸ்வரம் வந்துவிடுகிறது. ஹார்ப் அடியில் ஓடும் நீரோட்டமாக, மேலே போகும் மெட்டைத் தாங்கிக்கொண்டு போகிறது. கிட்டார் வைத்துக்கொண்டு ஒருவர் பாட்டுப் பாடுவது போன்ற உணர்வு கூட வரும். 14 நிமிட வாசிப்பில் அதே ஹார்ப் ஸ்வரங்கள் ஒவ்வொன்றும் ஒலித்து, தேய்ந்து, நடுவில் ஓர் இடைவெளி விழுந்த பிறகுதான் அடுத்தது வருகிறது. ஓட்டம் போய்விடுகிறது, ஒற்றை ஒற்றையாக மணி அடிப்பது மாதிரி ஆகிவிடுகிறது. துக்கம் என்று நமக்குத் தோன்றுவதற்கு இந்த இடைவெளிகள் ஒரு முக்கியக் காரணம்.

வயலின்காரர்களுக்கும் பாடு அதிகம். வில்லில் ரோமம் இருக்கும் நீளம் சுமார் 65 சென்டிமீட்டர்தான். ஒரு நீண்ட ஸ்வரத்தை இரண்டு மடங்கு நேரம் பிடிக்க வேண்டும் என்றால் வில்லைப் பாதி வேகத்தில் இழுக்க வேண்டும், ஒலி மெலியும். இல்லாவிட்டால் நடுவில் வில்லைத் திருப்ப வேண்டும். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் ஆளுக்கொரு இடத்தில் திருப்பிக்கொள்வார்கள், கேட்பவருக்கு வெட்டு தெரியாது. முடிவே இல்லாத பட்டுப்போன்ற ஒலி என்று கராயனின் பதிவை எல்லோரும் புகழ்வதற்குப் பின்னால் இதுபோன்ற உழைப்பு இருக்கிறது. அந்த ஒலியின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு மனிதர் மூச்சு விட்டுப் பாடுகிற உணர்வு எனக்குக் கிடைப்பதில்லை. ஒரு வாக்கியத்தை ஒரு மூச்சில் பாடி முடிக்க முடிகிற வேகம் மெங்கல்பெர்க்கிடமும் வால்டரிடமும் இருக்கிறது.

பழைய பதிவுகளில் இன்னொன்றும் கேட்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போவார்கள், அதற்குப் போர்ட்டமென்டோ என்று பெயர். நம் ஜாரு மாதிரியே இருக்கும், அதனால் நம் காதுக்கு இந்தப் பழைய பாணி சட்டென்று பிடித்துப்போக நிறைய வாய்ப்பு உண்டு. பிற்காலத்து ஆர்கெஸ்ட்ராக்கள் இதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. கெஞ்சலும் கொஞ்சலும் இந்த வழுக்கலில்தான் இருக்கின்றன, அதை எடுத்துவிட்டு வேகத்தையும் பாதியாக்கினால் மிஞ்சுவது ஒரு கம்பீரமான அமைதி.

காதல் கடிதம் எப்படி இரங்கல் ஆனது

மெங்கல்பெர்க் தன் இசைப்பிரதியில் ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். இந்த அடாஜியெட்டோ, அல்மாவிடம் மாலர் தன் காதலைச் சொன்ன விதம் என்றும், கடிதத்துக்குப் பதிலாக இதன் கைப்பிரதியை அனுப்பினார் என்றும், இருவருமே தன்னிடம் இதைச் சொன்னார்கள் என்றும். மாலர் அல்மா ஷிண்ட்லரைச் சந்தித்தது 1901 நவம்பரில், கல்யாணம் 1902 மார்ச்சில், ஆகவே காலம் பொருந்துகிறது. அல்மா தன் நினைவுக் குறிப்புகளில் இப்படி ஒரு சம்பவத்தைச் சொல்லவில்லை என்பதால் நம்பாதவர்களும் உண்டு. கடிதக் கதை உண்மையோ இல்லையோ, மெங்கல்பெர்க் இதைக் காதல் பாட்டாகத்தான் புரிந்துகொண்டு வாசித்தார் என்பதில் சந்தேகமில்லை.

அறுபது வருடங்களுக்கும் மேல் கழித்து இரண்டு விஷயங்கள் நடந்தன. சுட்டுக்கொல்லப்பட்ட அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடியின் இறுதிச் சடங்கு 1968 ஜூன் 8 அன்று நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தில் நடந்தபோது பெர்ன்ஸ்டைன் அங்கே இதை நடத்தினார். பிறகு 1971இல் இத்தாலிய இயக்குநர் லுகினோ விஸ்கோன்டி தன் 'டெத் இன் வெனிஸ்' படத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். கொள்ளைநோய் பரவும் வெனிஸில் ஒரு இசையமைப்பாளர் சாவை நோக்கிப் போகிற கதை அது. மாலர் பெயரே கேள்விப்படாத லட்சக்கணக்கானவர்களின் காதில் இந்த மெட்டு முதன்முதலில் விழுந்தது அந்தப் படத்தோடுதான். ஒரு பாட்டை எந்தக் காட்சியோடு முதலில் கேட்டோமோ அந்தக் காட்சியைப் பிறகு பிரிக்கவே முடியாது, சினிமாப் பாட்டோடு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, துக்கம் என்ற அர்த்தத்தை ஒரு சடங்கும் ஒரு சினிமாவும் கொண்டுவந்து சேர்த்தன, நீண்டுபோன வாசிப்புகள் அதற்கு ஒத்தாசை செய்தன. சேர்ந்த அர்த்தம் பொய் என்று சொல்லவில்லை. பெர்ன்ஸ்டைன் அன்று அந்தத் தேவாலயத்தில் வாசித்தது அங்கிருந்தவர்களுக்கு உண்மையான ஆறுதல்தான். ஆனால் இசைக்குள் முதலிலேயே எழுதிவைத்தது அது ஒன்றுதான் என்று நினைத்தால் முக்கால்வாசி இசை கைநழுவிப்போகிறது.

அக்கம்பக்கத்தில் இருப்பது

ஆல்பத்துக்காகத் தனியே வெட்டி எடுக்கும்போது காணாமல் போவது என்ன? இதே சிம்பொனியில் சாவு ஊர்வலம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது, முதல் மூவ்மென்ட்டில். ஒற்றை டிரம்பெட் தொடங்கிவைக்க, கனத்த நடையில் போகும் இறுதி ஊர்வல மார்ச், தலைப்பிலேயே மாலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அடுத்து புயல் மாதிரி ஒரு மூவ்மென்ட், அதற்கப்புறம் மிக நீளமான, நடனச் சாயலுள்ள மூன்றாவது. இவ்வளவும் தாண்டித்தான் அடாஜியெட்டோ வருகிறது. துக்கம் கொண்டாடி முடித்த பிறகு வருகிற இசை அது.

அது முடிந்ததும் இடைவெளி விடாமல் ஹார்ன் ஒன்று ஒரே ஒரு ஸ்வரம் ஊதிக் கடைசி மூவ்மென்ட்டைத் தொடங்கிவைக்கிறது. உற்சாகமான, வேகமான இசை. அதற்குள் கொஞ்ச தூரம் போனதும், அடாஜியெட்டோவின் நடுப்பகுதியில் உருகி உருகி வந்த அதே மெட்டு ஓடியாடிக்கொண்டு துள்ளலாக வருகிறது, அதுவும் ஒரு தடவையல்ல. முதல் முறை அதை அடையாளம் கண்டுபிடித்தால் சிரிப்பு வந்துவிடும். மெட்டின் உருவம் மாறவில்லை, வேகம் மாறியது, உணர்ச்சி தலைகீழாகிவிட்டது. ஒரு மெட்டின் வேகத்தை மாற்றினால் அதன் முகம் எப்படி மாறும் என்பதை மாலரே அடுத்த மூவ்மென்ட்டில் செய்து காட்டிவிட்டார், நாம் தனியாக உதாரணம் தேட வேண்டியதே இல்லை.

அப்படியானால் துக்கமான ஸ்லோ மூவ்மென்ட் எப்படி இருக்கும்?

அன்டன் புரூக்னரின் ஏழாவது சிம்பொனியின் அடாஜியோவைக் கேளுங்கள். இசையமைப்பாளர் வாக்னர் இன்னும் அதிக நாள் இருக்க மாட்டார் என்ற நினைப்பில் புரூக்னர் எழுதத் தொடங்கியது, எழுதிக்கொண்டிருக்கும்போதே 1883 பிப்ரவரியில் வாக்னர் இறந்துபோனார், கடைசிப் பகுதி அவருக்கான அஞ்சலி. இதுவும் மெதுவானது, அடாஜியெட்டோவைவிட மிக நீளமானது. ஆனால் கட்டுமானம் வேறு. தொடங்குவது மைனர் சுருதியில், அதாவது சாதாரண காந்தாரம் வைத்த இருண்ட ஸ்வரக்கூட்டில். அடாஜியெட்டோ தொடங்குவது அந்தர காந்தாரம் வைத்த மேஜரில். புரூக்னர் முதலில் ஒலிக்க விடுவது நான்கு வாக்னர் டியூபாக்களை, தணிந்த கனத்த குரல் கொண்ட பித்தளை வாத்தியங்கள் அவை. மாலரோ பித்தளையையே தொடவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து ஒரு நிமிடம் கேட்டாலே போதும், மெதுவாகப் போவது மட்டும்தான் இரண்டுக்கும் பொது என்பது விளங்கிவிடும்.

ராக்மனினோவின் இரண்டாவது சிம்பொனியில் வரும் அடாஜியோ இன்னொரு மாதிரி. 1908இல் அரங்கேறியது. கிளாரினெட் ஒன்று தனியாக நீண்ட ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும், தங்கல்கள் அதிலும் வரிசையாக வரும். அதைச் சோகம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, காதல் என்றே சொல்கிறார்கள்.

எப்படிக் கேட்கலாம்

புதிதாகத் தொடங்குபவர்கள் வால்டரின் 1938 பதிவை முதலில் கேட்கலாம். பழைய தட்டு, இரைச்சல் இருக்கும், ஒரு நிமிடத்தில் காது பழகிவிடும். பிறகு கராயனின் 1973. முதல் தடவை வயலினையும் மறு தடவை ஹார்ப்பையும் பின்தொடருங்கள். ஆரம்பத்து ப, த, நி, நி, ஸ-வை வாய்க்குள் பாடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது, தங்கல் எங்கே விழுகிறது என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

அதற்கப்புறம் நான்காவது, ஐந்தாவது மூவ்மென்ட் இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் கேளுங்கள், இரண்டும் சேர்ந்து 25 நிமிடம் போலத்தான் வரும். தொகுப்பு ஆல்பத்தில் இது கிடைக்காது, முழுச் சிம்பொனியின் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். வால்டரின் 1947 பதிவு இருக்கிறது, ஒலித்தரம் முக்கியம் என்றால் பெர்ன்ஸ்டைனின் 1963.